பதினாலாம் நம்பர் கடிதம்

வட்டக்கோட்டைக்கு வேன் பேசியாயிற்று, ஆளுக்கு ஒரு பொதிச்சோறு, பொழுது சாய்வதற்குள் நாகர்கோவிலுக்குத் திரும்பிவிடலாம் என்று நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தீர்கள். நான் வரவில்லை என்று ஒற்றை வரி எழுதினேன். அதற்கு உங்களிடமிருந்து எத்தனை பதில்! அவனுக்கு முட்டுவலி என்றான் ஒருவன். கடல்காற்று ஒத்துக்கொள்ளாது என்றான் இன்னொருவன். கிழவன் கம்பூன்றி நடக்கிற பொம்மைப் படத்தை ஒரு மகராசன் அனுப்பியிருந்தான்.

என் முட்டுக்கு ஒன்றுமில்லை. போன வாரம்கூடப் பூதப்பாண்டி கோயிலுக்கு நடந்துபோய் நடந்தே திரும்பினேன். ஆனால் இந்த மாவட்டத்திலேயே பிறந்து, இங்கேயே வேலை பார்த்து, ஓய்வும் பெற்றுவிட்ட எனக்கு அந்தக் கோட்டை வாசலில் ஒருமுறைகூடக் கால் வைக்க மனசு வரவில்லை. என் பிள்ளைகளைக்கூட மனைவியோடுதான் அனுப்பிவைத்தேன். கேட்டவர்களுக்கெல்லாம் ஏதாவது சாக்குச் சொன்னேன். இனிமேல் சாக்குத் தேவையில்லை. என் அத்தை, அப்பாவின் ஒரே தங்கை, போன மாதம் போய்ச் சேர்ந்தாள். பதினாறும் கழிந்துவிட்டது. அவள் காதில் விழக் கூடாது என்றுதான் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன். பொறுமை இல்லாதவர்கள் காலை வணக்கப் பூப்படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

நாம் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது சண்டை வந்தது, நினைவிருக்கிறதா? பஸ்களின் முன்விளக்குக் கண்ணாடியில் பாதிக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். விமானச் சத்தம் கேட்டால் எப்படிக் குப்புறப் படுக்க வேண்டும் என்று வாத்தியார் மைதானத்தில் பழக்கினார். சட்டையெல்லாம் செம்மண்ணாகி வீட்டில் அடி வாங்கினோம். வட்டக்கோட்டைக்கு நேரே கடலில் எதிரிக் கப்பல் நிற்கிறது என்று ஒரு புரளி கிளம்பியது. பனைமட்டையைத் துப்பாக்கியாகப் பிடித்துக்கொண்டு நீங்களெல்லாம் எனக்குக் கீழே சிப்பாய்கள். என் அப்பா நிஜமாகவே பட்டாளத்தில் இருந்தபடியால் தளபதி வேஷம் எப்போதும் எனக்குத்தான். அந்தக் கௌரவத்தை நான் கொஞ்சமும் வெட்கமில்லாமல் அனுபவித்தேன்.

அப்பா மாதத்துக்கு இரண்டு கடிதம் போடுவார். ஒன்று அம்மாவுக்கு. இன்னொன்று என் பெயருக்கு, தனி இன்லாண்டில். என் பெயருக்கு முன்னால் 'திரு' என்று போட்டிருப்பார். மடிப்பைப் பிரித்தால் பசை வாசனையும் லேசாகப் பீடி வாசனையும் வரும். வலது மேல்மூலையில் ஒரு நம்பர் இருக்கும். நம்பர் போட்டால்தான் வழியில் ஒன்று தொலைந்துபோனாலும் தெரியும் என்று பட்டாளத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்களாம். நானும் என் பதில்களுக்கு நம்பர் போட வேண்டும். போன கடிதத்தில் நான் விட்ட பிழைகளை வரிசையாக எழுதி, "இதெல்லாம் யார் வீட்டு எழுத்து?" என்று கேலி செய்வார். அதன் பிறகு கேள்விகள். குளம் நிறைந்ததா? செவலைப் பசு ஈன்றதா? உன் பல் முளைத்ததா? ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதியாக வேண்டும். ஒன்றை விட்டால் அடுத்த கடிதத்தில் அதையே மறுபடியும் கேட்பார்.

வட்டக்கோட்டை பார்க்க வேண்டும் என்று நான்தான் ஒருமுறை எழுதினேன். கோட்டைச் சுவரில் அலை வந்து அடிக்கும் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். பதினோராம் நம்பரில் பதில் வந்தது. "அடுத்த லீவில் நாம் இருவரும் நடந்தே போவோம். விடியுமுன் கிளம்பினால் உச்சிக்குள் போய்ச் சேரலாம். கட்டுச்சோறு நீ சுமக்க வேண்டும். உன்னை நான் சுமக்கிறேன்."

அப்பாவுக்கு நடை என்றால் அப்படி ஒரு பித்து. லீவில் வரும்போது நாகர்கோவிலில் பஸ் நின்றுகொண்டிருந்தாலும் ஏறமாட்டார். டிரங்குப் பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தே ஊருக்கு வருவார். "பஸ்ஸுல இருந்தா காலு செத்துப்போவும்லா" என்பார்.

கடைசியாக லீவு முடிந்து போனபோது நானும் பெரியப்பாவும் பஸ் நிலையம்வரை வழியனுப்பப் போனோம். அங்கே ஒற்றைக்காலோடு ஒருவர், அக்குளில் கம்பு கொடுத்து, எங்களைப் பார்த்துத் தத்தித் தத்தி வந்தார். பேன்ட்டின் ஒரு காலை மடித்து ஊக்கு குத்தியிருந்தது. நான் அப்பாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

"பயமா இருக்கா மக்கா?"

"அசிங்கமா இருக்குப்பா."

அப்பா அந்த மனிதருக்குப் பீடி பற்ற வைக்க நெருப்பு கொடுத்தார். அதோடு நான் அதை மறந்துவிட்டேன். அப்பா மறக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

சண்டை தொடங்குவதற்குச் சில நாள் முன்பு பதின்மூன்றாம் நம்பர் வந்தது. கொஞ்ச நாள் கடிதம் வராவிட்டால் பயப்படாதே என்று கடைசி வரியில் இருந்தது. பிறகு சண்டை நடந்தது, முடிந்தது. வாசகசாலை ரேடியோ முன்னால் ஊரே கூடிநின்று கைதட்டியது. வெடி போட்டார்கள். அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். பதினாலாம் நம்பர் மட்டும் வரவில்லை. மார்கழி போயிற்று, பொங்கலும் வந்து போயிற்று.

இந்த இடத்தில் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணம் நிச்சயமாகி, பந்தலும் போட்ட பிறகு, எட்டே நாள் இருக்கும்போது தாத்தா மாரடைப்பில் போய்விட்டார். தீட்டுள்ள வீட்டில் மேளம் எப்படி அடிப்பது? கல்யாணம் நின்றது. நின்றதோடு போகாமல், ராசி இல்லாத பெண் என்று மாப்பிள்ளை வீட்டார் ஊர் ஊராகச் சொல்லித் திரிந்தார்கள். அதற்குப்பிறகு அவளைப் பெண் பார்க்கவே எவரும் வரவில்லை. பெரியப்பாவும் அப்பாவும் நாலு வருஷம் தேடி ஒரு இடம் கண்டுபிடித்திருந்தார்கள். தையில் முகூர்த்தம். இதுவும் நின்றால் அவள் காலம் முழுக்க எங்கள் வீட்டு அரங்கு என்கிற உள்ளறையில் நெல் புடைத்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். அது எனக்கே தெரியும். அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? பந்தல்காரன் வந்து அளவெடுத்த நாளில் அவள் சந்தோஷப்படக்கூடப் பயந்துகொண்டு கதவுக்குப் பின்னால் நின்றாள்.

அந்தக் காலத்தில் நம் பக்கத்துக் கடிதங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. நல்ல சேதி என்றால் நாலு மூலையிலும் மஞ்சள். சாவுச் சேதி என்றால் ஒரு மூலையில் கறுப்பு மை. மஞ்சள் தடவியதைத் தபால்காரர் வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து கொடுப்பார், ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் போவார். கறுப்பு பட்டதைத் தெருவில் நின்றுதான் கொடுப்பார். அதை வீட்டுக்குள் எடுத்துப் போகக் கூடாது. வெளியிலேயே வாசித்து, கிழித்துப் போட்டுவிட்டுத் தலை முழுக வேண்டும். உங்கள் வீடுகளிலும் இதுதானே நடந்தது.

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. பள்ளிக்கூடம் இல்லாத நாள். தெருமுனையில் விளையாடிக்கொண்டிருந்தேன். தபால்காரர் வழக்கமாகத் தூரத்திலேயே, "ஏலே, பட்டாளத்துக் கடுதாசி!" என்று கூவுவார். கடிதத்தை உயரத் தூக்கிப்பிடித்து என்னைக் குதிக்கவைத்து வேடிக்கை பார்த்த பிறகுதான் தருவார். அன்றைக்குச் சத்தமில்லாமல் சைக்கிளை விட்டு இறங்கினார்.

"பெரியப்பா எங்க மக்கா?"

"வயல்ல."

"வீட்டுக்குக் கொண்டு போவாண்டாம். நேரே பெரியப்பா கையில கொண்டு குடு. ஓடாத, மெள்ளப் போ."

இன்லாண்டுதான். என் பெயர்தான். ஆனால் விலாசம் இங்கிலீஷில், முன்பின் பார்த்திராத கையெழுத்தில் இருந்தது. பெயருக்கு முன்னால் 'திரு' இல்லை. பின்பக்கம் அனுப்பியவர் இடத்தில் அப்பா பெயரைக் காணோம், ஏதோ வடக்கத்தி ஊரின் ஆஸ்பத்திரி பெயரும் ஒரு நம்பரும் மட்டும். இடது கீழ்மூலையில் பெருவிரல் அகலத்துக்குக் கறுப்பு மை.

கும்பப்பூப் போகத்து நெல் கதிர் விடுமுன் பொதி கட்டி நின்ற சமயம். பெரியப்பா முழங்கால் சேற்றில் நின்று வரப்புக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். கடிதத்தைப் பார்த்ததும் மண்வெட்டியை அப்படியே விட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தார். விரல்நுனியை மட்டும் துடைத்துக்கொண்டு வாங்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிரிக்கவில்லை. பக்கத்து ஊர்ப் பட்டாளத்துக்காரர் ஒருவர் செத்த சேதி முதலில் கூட இருந்தவன் எழுதிய கடிதத்தில் வந்து, தந்தி அதற்குப்பிறகு வந்தது என்று அப்போது ஊரில் பேச்சாக இருந்தது. அதுதான் அவர் மனசில் ஓடியிருக்க வேண்டும்.

"உள்ள என்ன எழுதியிருக்குன்னு நமக்குத் தெரியாது, கேட்டியா?" என்றார். "தெரியாத மட்டும் ஒண்ணும் நடக்கல்ல. கேட்டாத்தான் தீட்டு. வாசிச்சாத்தான் தீட்டு. இன்னும் பன்னெண்டு நாளு. அத்தை களுத்துல தாலி ஏறிட்டுன்னா அவ வேற வீட்டுப் பிள்ளை. பொறவு நாம ரெண்டு பேருமா இதை உடைப்போம்."

"அப்பா செத்துப்போயிட்டாவளா பெரியப்பா?"

சேற்றுக் கையால் என் வாயைப் பொத்தினார். "நான் அப்படிச் சொன்னனா? சொன்னனாலே? நீ ஒண்ணும் கேக்கல்ல. நானும் ஒண்ணும் சொல்லல்ல." வயல்சேறு என் பல்லில் நறநறவென்று கடிபட்டது. "உங்கம்மையும் இன்னும் பன்னெண்டு நாளு பூ வச்சிக்கிட்டு நடக்கட்டும் மக்கா."

வீட்டுக்குள் கொண்டுபோக முடியாதல்லவா? களத்துச் சாய்ப்பின் கூரை ஓலைக்குள் செருகிவைத்தார். நான் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா பிச்சிப்பூ கட்டிக்கொண்டிருந்தாள். வாயில் என்ன மண் என்று கேட்டுக் கழுவிவிட்டாள்.

அந்தப் பன்னிரண்டு நாளையும் நான் எப்படிக் கடந்தேன் என்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை. என் பத்து வயது அறிவுக்கு அப்பா செத்துவிட்டார். அது இந்த உலகத்தில் எனக்கும் பெரியப்பாவுக்கும் தபால்காரருக்கும் மட்டுமே தெரியும். அம்மா காலையில் குங்குமம் வைக்கும்போது அவளுக்குப் பின்னால் நின்று கண்ணாடியில் பார்ப்பேன். அழக் கூடாது. சமையலுக்கு ஆக்குப்புரை போடக் கால் நாட்டினார்கள், விறகு பிளந்தார்கள், அத்தைக்கு நலுங்கு வைத்தார்கள். நான் சிரித்தேன். என்னைப் பார்த்துப் பெரியப்பா சிரித்தார். பெரிய மனுஷன் ஒருவன் என்னிடம் அப்படிப் பயந்து சிரித்தது அதுதான் முதல்தடவை.

அவர் தினமும் மத்தியானம் சாலை முக்கில் போய் உட்கார்ந்தார். தந்தி வந்தால் வீட்டுக்கு வருமுன் வாங்கிவிட வேண்டும் என்று. கல்யாண வேலை தலைக்குமேல் கிடக்க இவர் ஏன் முக்கில் போய் இருக்கிறார் என்று பெரியம்மா சத்தம் போட்டாள். தந்தி வரவே இல்லை. பன்னிரண்டு நாளாகியும் பட்டாளம் தந்தி அடிக்கவில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம்? இன்றைக்குச் சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். எங்கள் இருவருக்கும் அது தோன்றவில்லை. பயந்தவன் புத்தி ஒரே திசையில்தான் ஓடும்போல.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ அம்மா என்னை உட்காரவைத்தாள். "அப்பாவுக்குக் கல்யாண விசேஷமெல்லாம் எளுது மக்கா. பந்தக்கால் நாட்டியாச்சு, அவ்வோ இல்லாத கொறை ஒண்ணுதான்னு எளுது." அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். பழைய பட்டாள விலாசத்தையும் போட்டேன். எங்கே மாற்றியிருந்தாலும் பட்டாளத்துத் தபால் தேடிக்கொண்டு போகும் என்று அப்பா சொல்லியிருந்தார். தபால்பெட்டி வரைக்கும் போனேன். செத்தவருக்கு எப்படிக் கடிதம் போடுவது? யார் அதைப் பிரிப்பார்கள்? திரும்பி வரும் வழியில் கால்வாயில் விட்டேன். நீலக் காகிதம் கொஞ்ச தூரம் மிதந்து, மதகுக்குள் நுழைந்து போய்விட்டது. போட்டாச்சா என்று கேட்ட அம்மாவிடம் போட்டாச்சு என்றேன். பெரியப்பாவை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை என்பதற்காக இதையும் சொல்லிவைக்கிறேன்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. அவியலும் எரிசேரியும் பிரதமனும் பற்றி உங்களில் சிலர் வெகுகாலம் பேசினீர்கள். அப்பா நிற்க வேண்டிய இடத்தில் என்னை நிறுத்தினார்கள். தாலி ஏறியதும் அத்தை அழுதாள். அவள் அழுதபோது நானும் அழலாம் என்று எனக்கு அனுமதி கிடைத்த மாதிரி ஆயிற்று. அழத் தொடங்கினேன், நிறுத்த முடியவில்லை. அத்தை மேல் இந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பிரியம் பாருங்கள் என்று கூடியிருந்தவர்கள் நெகிழ்ந்தார்கள்.

மறுநாள் பெண்ணும் மாப்பிள்ளையும் கிளம்பிப் போன பிறகு பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். தோளில் இரண்டு துவர்த்துத் துண்டு, எனக்கொன்று, அவருக்கொன்று. வாசித்த கையோடு முங்கி எழ வேண்டுமே. ஓலையிலிருந்து கடிதத்தை எடுத்துக்கொண்டு கால்வாய்ப் படித்துறையில் இறங்கி, கணுக்கால் தண்ணீரில் நின்றோம். பெரியப்பா கடவுளை வேண்டிக்கொண்டு மடிப்பைக் கிழித்தார்.

வலது மேல்மூலையில் 14 என்று இருந்தது.

"பெரியப்பா! அப்பா எளுத்து! அப்பா எளுத்துல்லா!" என்று கத்தினேன். அவர் நம்பாமல் பார்த்தார். பிறகு என்னைத் தூக்கினார். இருவரும் தண்ணீரில் விழுந்தோம். அவர் குழந்தையைப் போலக் கைகொட்டிச் சிரித்தார், என் தலையில் முத்தமிட்டார். அந்தக் கறுப்பு ஏதோ முத்திரை குத்தியவன் கையிலிருந்து ஒட்டிய மை. பக்கத்தில் இருந்த வட்ட முத்திரையும் அதே நிறம்தான். அப்பா உயிரோடு இருந்தார், கல்யாணமும் நடந்துவிட்டது. அதைப் போன்ற ஒரு சந்தோஷம் என் வாழ்க்கையில் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. ஒரு நிமிஷம் இருந்திருக்கும். பிறகு பெரியப்பா வாசித்தார்.

கடிதம் என்னிடம் இப்போது இல்லை. அதனால் என்ன, மனப்பாடம்.

"அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. படுத்தபடி எழுதிக் கை அலுத்துவிடுகிறது, அதனால் விலாசம் பக்கத்துக் கட்டில்காரர் எழுதுகிறார். பயப்படாதே. சண்டையில் அப்பாவுக்கு இடது காலில் அடி, இத்தனை நாளாகியும் ஆறவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்கிறார். கையெழுத்துக் கேட்கிறார். என் மகனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் என்று சொல்லியிருக்கிறேன். சிரிக்கிறார்கள். மருந்து போட்டுப் பத்து நாள் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். அம்மாவிடம் சொல்லாதே. பெரியப்பாவிடமும் சொல்லாதே, தெரிந்தால் கல்யாண வேலையைப் போட்டுவிட்டு ஓடிவருவார். அத்தை கல்யாணம் எதற்காகவும் நிற்கக் கூடாது. நீ மட்டும் எழுது. ஒரு கால் இல்லாத அப்பா உன் பள்ளிக்கூடத்துக்கு வந்தால் உனக்கு அசிங்கமாக இருக்குமா? மறைக்காமல் சொல். வட்டக்கோட்டைக்கு நடக்கலாம் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அது முடியாது போலிருக்கிறது. உன் கடிதம் வந்ததும் கையெழுத்துப் போடுவேன்."

பெரியப்பா தேதியைப் பார்த்தார். விரல்விட்டு எண்ணினார். மறுபடியும் எண்ணினார். ஈர வேட்டியோடு சாலைக்கு ஓடினார்.

அவர் நாகர்கோவிலுக்குப் போய்த் தந்தி அடித்தார். சரி, உடனே எடுங்கள் என்று. அப்போது நமக்கு ரயில் ஏது? அங்கிருந்தே திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினார், ரயில் பிடிக்க. கிளம்புமுன் பதிலை எழுது, அதுவும் போகட்டும் என்று என்னிடம் சொல்லியிருந்தார். நான் சாலைவரை கூடவே ஓடி, பஸ் படியில் நின்ற அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். அவர் பதில் சொன்னார். அதை வைத்து எழுதினேன்.

அம்மாவிடம் அன்றுதான் சொன்னேன், காலில் அடி, கடிதம் தாமதமாக வந்தது என்று. "கால் போனாப் போட்டு. ஆளு வந்தாப் போதும்" என்று அழுதுகொண்டே எழுந்து போனாள். மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்து என் கடிதத்தின் நாலு மூலையிலும் தானே தடவினாள். இந்தத் தடவை நான் பெட்டியில் போட்டேன். உள்ளே விழுந்த சத்தம் கேட்கும்வரை நின்றேன்.

மூன்றாம் நாள் தந்தி வந்தது. சாலை முக்கில் உட்கார்ந்து வாங்க யாருமில்லாததால் நேராக வீட்டுக்கே வந்தது.

பெரியப்பா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே எல்லாம் முடிந்திருந்தது. அப்பா பெயர் வெள்ளை எழுத்தில் எழுதிய டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, நாகர்கோவிலில் பஸ் ஏறாமல் நடந்தே ஊருக்கு வந்தார். பெட்டிக்குள் சட்டைகளுக்கு நடுவில் பதினைந்தாம் நம்பர் இருந்தது. பென்சில் எழுத்து. தபாலில் போடாதது.

"உன் கடிதம் வரவில்லை. பரவாயில்லை மக்கா. சின்னப் பிள்ளையிடம் இதைக் கேட்டிருக்கக் கூடாது. உனக்குச் சொல்லச் சங்கடமாக இருந்திருக்கும். அப்பாவுக்கு வருத்தமில்லை. நாளைக்குக் கையெழுத்துப் போடுகிறேன்."

போட்டாராம். அதற்குள் விஷம் மேலே ஏறிவிட்டது என்று பக்கத்துக் கட்டில்காரர் சொல்லியிருக்கிறார். தினமும் தபால் வரும் நேரத்தில் அப்பா எழுந்து உட்கார்ந்துகொள்வாராம்.

சரியாக ஒரு மாதம் கழித்து, கும்பப்பூ அறுப்பு நடந்துகொண்டிருந்தபோது, தபால்காரர் எங்கள் தெருவுக்கு வந்தார். கூவவில்லை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தெரு நடுவிலேயே நின்றார். அவர் கையில் என் கடிதம் இருந்தது. பெறுபவர் இல்லை என்று ஏதோ எழுதி, முத்திரை குத்தித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். நாலு மூலையிலும் அம்மா தடவிய மஞ்சள் அப்படியே இருந்தது. மஞ்சள் என்றால் உள்ளே வர வேண்டும், சாவு என்றால் வெளியே நிற்க வேண்டும். இதை எங்கே நின்று கொடுப்பது என்று அந்த மனுஷனுக்குத் தெரியவில்லை. வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே நின்று கண்ணீர் விட்டார். நானே இறங்கிப்போய் வாங்கிக்கொண்டேன்.

அப்பாவின் முதல் பதின்மூன்று கடிதங்களும் பதினைந்தாவதும் டிரங்குப் பெட்டியோடு ஒரு மழைக்காலத்தில் கறையானுக்குப் போயின. பதினாலாம் நம்பரைப் பெரியப்பா என்னிடம் தரவில்லை. சாகும்வரை வேட்டி மடிப்பில் வைத்திருந்தார். நான்தான் அதை அவரோடு சிதையில் வைத்தேன். அந்த வருஷத்துக்குப் பிறகு எந்தக் கடிதம் வந்தாலும், கல்யாணப் பத்திரிகையானாலும், தபால்காரர் சைக்கிளில் ஏறுமுன் அவர் அதைக் கிழித்துப் பிரித்துவிடுவார். அவரை மன்னித்துவிட்டாயா என்று என்னைக் கேட்காதீர்கள். சில நாள் மன்னித்திருக்கிறேன், சில நாள் இல்லை.

அம்மா கடைசிவரை தபால் தாமதம் என்றே நம்பியிருந்தாள். அத்தைக்கு அவ்வளவுகூடத் தெரியாது. அவள் நன்றாக வாழ்ந்தாள். மூன்று பிள்ளைகள், பேரன் பேத்திகள். அதைப் பார்த்து எனக்குப் பொறாமையே வந்ததில்லை என்றால் பொய். என்னைக் காணும்போதெல்லாம் தலையைத் தடவிச் சொல்வாள், "எனக்குக் கல்யாணம் முடியட்டும்னு எங்கண்ணன் உசிரைக் கையில புடிச்சிக்கிட்டுக் கெடந்திருக்கான் மக்கா." ஆமா அத்தை என்பேன். வேறென்ன சொல்ல?

திரும்பி வந்த கடிதம் மட்டும் என்னிடம் இருக்கிறது. மஞ்சள் வெளிறிவிட்டது. பஸ் படியில் நின்ற பெரியப்பாவிடம் நான் கேட்ட கேள்வியும் அவர் சொன்ன பதிலும் அதில் இருக்கின்றன. மொத்தமே மூன்று வரி.

"அப்பா, எனக்கு அசிங்கமாக இருக்காது. காலை எடுக்கச் சொல்லுங்கள். வட்டக்கோட்டைக்குப் பஸ் போகுதாம், பெரியப்பாவிடம் கேட்டுவிட்டேன்."

இவ்வளவுதான் விஷயம். கேட்டால்தான் தீட்டு என்றார் பெரியப்பா. அவர் சொன்னது சரியென்றால், நீங்கள் இப்போதுதான் கேட்டிருக்கிறீர்கள். எல்லோரும் எழுந்துபோய்த் தலைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு வாருங்கள். வேனைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்வோம்.